காட்டை அழித்தது யார்? வெளியேறச் சொல்வது யாரை?

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக டாப்சிலிப்புக்குப் பஸ் போகிறது. விடுமுறை நாட்களில் கோவை, திருப்பூர் மில் தொழிலாளர்கள் பிள்ளை குட்டிகளோடு அங்கே போய் வருகிறார்கள். போக வேண்டியதுதான். பஞ்சுத் தூசியைத் தின்ற நுரையீரலுக்கு ஒரு நாளாவது நல்ல காற்று வேண்டாமா? பிள்ளைகள் யானையையும் மானையும் பார்த்துக் களிக்க வேண்டாமா? காட்டைக் கண்ணால் காண்பது பணக்காரனுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தல்ல.

ஆனால் போய் வந்தவர்கள் ஒரு பேச்சையும் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறார்கள். "காடு பிழைக்க வேண்டுமானால் காட்டில் ஆட்கள் இருக்கக்கூடாது. காடர், மலசர் எல்லாரையும் கீழே இறக்கிவிட்டால் புலியும் யானையும் நிம்மதியாக இருக்கும்" என்பதே அந்தப் பேச்சு. படித்தவர்கள் சொல்கிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன, தொழிலாளியும் அதை நம்பித் தலையாட்டுகிறான்.

இது பச்சைப் பொய் என்று நாம் சொல்கிறோம். ஏன் பொய் என்பதைக் காட்டிலிருந்தே எடுத்துக் காட்டுகிறோம்.

ஒன்றைப் பிடித்து ஒன்று

டாப்சிலிப்புக்குப் பக்கத்தில் கரியன் சோலை இருக்கிறது. உச்சி வெயிலிலும் தரை தெரியாத இருட்டு. அங்கே ஓங்கி நிற்கும் ஓர் அத்தி மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காய்க்குள்ளேதான் பூ இருக்கிறது. கடுகளவுகூட இல்லாத ஒரு குளவி அந்தக் காய்க்குள் நுழைந்து முட்டையிட்டால்தான் அது கருத்தரிக்கும். குளவி இல்லையேல் அத்திக்கு விதை இல்லை. அத்தி இல்லையேல் குளவிக்கு வம்சம் இல்லை.

அத்தி பழுத்துவிட்டால் காட்டுக்கே விருந்து. குரங்கு வரும், அணில் வரும், புறா வரும். எல்லாவற்றுக்கும் மேலே இருவாச்சி வரும். மலை மொங்கான் என்றும் சொல்வார்கள். அது இறக்கை அடித்துப் பறந்தால் நீராவி எஞ்சின் மூச்சு விடுவதுபோல் சத்தம் கேட்கும். இந்தப் பறவைக்கு மரத்தைக் குடையத் தெரியாது. கிழட்டுப் பெருமரத்தில் தானாக விழுந்த பொந்துதான் அதற்கு வீடு. பெட்டை உள்ளே புகுந்து, சிறு துவாரம் மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். சேவல்தான் தொண்டை நிறையப் பழம் சுமந்து வந்து ஒவ்வொன்றாக ஊட்ட வேண்டும். சேவலை எவனாவது சுட்டுவிட்டால் ஒரு குடும்பமே பட்டினி.

இருவாச்சி தின்ற பழத்தின் கொட்டைகளைப் பல மைல் தள்ளிக் கொண்டுபோய்ப் போடுகிறது. அங்கே புது மரம் முளைக்கிறது. யானை போட்ட சாணத்திலும் விதை இருக்கிறது. அந்தச் சாணத்தை வண்டு உருட்டி மண்ணுக்குள் புதைக்கிறது. விழுந்த இலையைக் கறையானும் காளானும் மக்க வைக்கின்றன. அந்த மக்கு, கொட்டும் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடுகிறது.

இந்தக் காட்டில் தனியாக நிற்பது எதுவுமில்லை. ஒரு மில்லில் புளோ ரூம் நின்றால் கார்டிங் நிற்கும், கார்டிங் நின்றால் ஸ்பின்னிங் நிற்கும். அதேபோல்தான் இங்கும்.

சங்கிலி நம் வீட்டு வாசல்வரை வருகிறது

மலையில் உள்ள சங்கதி நமக்கென்ன என்று எவரும் நினைக்க வேண்டாம். இந்த மலைகளின் நீரைத்தான் நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, ஆழியாறு, திருமூர்த்தி என்று அணைகளாகத் தேக்கியிருக்கிறார்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் சுமார் 4 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் தேங்காய் உரிக்கும் தொழிலாளியின் கூலியும், உடுமலைப் பக்கம் களை பறிக்கும் பெண்ணின் கூலியும் அந்த வாய்க்காலில்தான் ஓடி வருகின்றன. சோலையாற்றிலும் சர்க்கார்பதியிலும் ஆழியாற்றிலும் எடுக்கும் மின்சாரம் நம் நகரங்களுக்கு வருகிறது. அத்திக்குள் நுழையும் குளவிக்கும் கதிர் சுற்றும் தொழிலாளிக்கும் நடுவே அறுபடாத ஒரு சங்கிலி இருக்கிறது.

அந்தச் சங்கிலியை அறுத்தவன் யார்?

டாப்சிலிப் என்ற பேர் எப்படி வந்தது?

மலை உச்சியிலிருந்து வெட்டிய மரங்களைச் சரிவில் உருட்டிவிட்டார்கள். அதனால் வந்த பேர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெள்ளைக்காரன் கண் ஆனைமலைத் தேக்கின்மேல் விழுந்துவிட்டது. பம்பாயில் அவன் கப்பல் கட்டத் தேக்கு வேண்டும். பின்னால் ரயில் போடக் கட்டை வேண்டும். வெட்டினான், உருட்டினான், கொண்டுபோனான். அந்தப் பக்கம் பரம்பிக்குளத்துக் காட்டிலிருந்து சாலக்குடிக்கு மரம் இறக்கக் கொச்சி சமஸ்தானம் ஒரு டிராம் பாதையே போட்டது. 1907 முதல் 1963 வரை அது ஓடியது.

தேக்கு தீர்ந்துபோகும் என்று கண்டு, ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி திரும்ப வளர்க்கப் பாடுபட்டார். அவர் கல்லறை டாப்சிலிப்பில் இருக்கிறது; போகிறவர்கள் பார்த்துவிட்டு வருகிறார்கள். அவரை நாம் ஏசவில்லை. ஆனால் அந்தக் காட்டில் கோடரி பிடித்து, யானை ஓட்டி, கன்று நட்ட மலசருக்கும் காடருக்கும் கல்வெட்டு எங்கே?

வால்பாறைக்குப் போங்கள். 1890களிலிருந்து சோலையை வெட்டித் தீயிட்டுக் காப்பி போட்டார்கள், தேயிலை போட்டார்கள். வெட்டுவதற்கும் நடுவதற்கும் கங்காணிகள் சமவெளியிலிருந்து நம் முன்னோரை ஆசை காட்டி ஏற்றிப்போனார்கள். குளிரிலும் மலேரியாவிலும் அவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அந்தத் தோட்டங்களில் வைத்தியம் பார்த்த டாக்டர் பி.எச். டேனியல் 1969ல் எழுதிய நாவல், 'எரியும் பனிக்காடு' என்று தமிழிலும் வந்திருக்கிறது. தொழிலாளர்கள் படிக்க வேண்டும். காட்டைக் கொன்ற கையும் தொழிலாளியைக் கொன்ற கையும் ஒரே கை என்பது அதில் தெரியும்.

கியூபாவில் ஸ்பானிய முதலாளிகள் மலைச் சரிவுக் காடுகளைக் கொளுத்தினார்கள். அந்தச் சாம்பல் ஒரு தலைமுறைக் காப்பிச் செடிக்கு உரமானது. பிறகு மழை வந்து மண்ணை வாரிக்கொண்டு போக, வெறும் பாறைதான் மிஞ்சியது. இதை எங்கெல்ஸ் தம்முடைய 'இயற்கையின் இயக்கவியல்' நூலில் எடுத்துக் காட்டியிருக்கிறார். லாபக்காரன் இன்றைய வரவை மட்டும் பார்ப்பான். நாளைய பாறையைப் பார்க்க மாட்டான்.

இப்படிக் கப்பலுக்கும் ரயிலுக்கும் காப்பிக்கும் காட்டைத் தின்று முடித்தவர்களின் வாரிசுகள் இன்று விரல் நீட்டுவது யார் மேல்? தேன் எடுத்து, கிழங்கு தோண்டி வாழ்ந்த காடர் மேல்! திருடியவன் தீர்ப்புச் சொல்கிறான்!

ஒரு கையில் பூட்டு, மறு கையில் டிக்கெட்

இரண்டு உத்தரவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2023ல் மத்திய சர்க்கார் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியது. புலிக் காப்பகத்தின் நிர்வாகத் திட்டத்தில் எழுதிவிட்டால் போதும். சுற்றுலா வசதிகள் கட்டுவது இனிமேல் "காட்டுக்குப் புறம்பான காரியம்" ஆகாதாம்!

அடுத்த ஆண்டு, 2024 ஜூன் மாதம், தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. நாடெங்கும் புலிக் காப்பகங்களின் உள்பகுதியில் இன்னும் 591 கிராமங்களில் 64,801 குடும்பங்கள் இருக்கின்றன, அவற்றை இடம் மாற்றும் வேலையை முடுக்கிவிடுங்கள் என்றது.

சுற்றுலா விடுதிக்காரன் வந்தால் புலி பயப்படாது. அங்கேயே பிறந்தவன் குடிசை போட்டால் புலி பயந்துவிடும்! இதுவா விஞ்ஞானம்? இது வியாபாரம்.

2006ல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டம் செய்தது. மனிதனும் விலங்கும் சேர்ந்து வாழவே முடியாது என்று விஞ்ஞான ரீதியாக நிரூபிக்காமலும், கிராம சபையின் சம்மதம் இல்லாமலும் எவரையும் நகர்த்தக்கூடாது என்று அது சொல்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் 2008ல் வந்த ஐகோர்ட் உத்தரவால் பட்டா கொடுப்பது முடங்கி, 2016ல்தான் சுப்ரீம் கோர்ட்டால் அந்தத் தடை விலகியது. 2019 பிப்ரவரியில், மனு தள்ளுபடியான குடும்பங்களை வெளியேற்றச் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. நாடெங்கும் எழுந்த கொதிப்புக்குப் பிறகு அதே மாதம் அது நிறுத்தி வைக்கப்பட்டது.

அதே 2019ல் ஆகஸ்டு மழையில் வால்பாறைப் பக்கம் கல்லார்குடியில் நிலம் சரிந்தது. காடர் குடும்பங்கள் பக்கத்திலேயே தெப்பக்குளமேட்டில் குடிசை போடப் போனார்கள். காட்டுக்குள் புதுக் குடிசை கூடாது என்று தடுத்துவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் எஸ்டேட் லயன் வீடுகளில் ஒண்டிக் கிடந்தார்கள். இரண்டு ஆண்டு போராடி, 2021ல்தான் கையளவு நிலம் கிடைத்தது.

உண்மையான காவல்காரன்

கேரளத்து வாழச்சால் காட்டில் இருவாச்சிக் கூடுகளைக் காப்பவர்கள் காடர்கள். எந்தப் பொந்தில் எந்த ஜோடி அடைகாக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அதிரப்பள்ளியில் அணை கட்டக்கூடாது என்று எதிர்த்து நின்றவர்களும் அவர்களே. கோழிகமுத்தி முகாமில் யானைகளைப் பிள்ளைபோல் வளர்ப்பவர்கள் மலசர்கள். புலிக் காப்பகங்களில் இரவு பகலாக வேட்டைத் தடுப்புக் காவல் நடப்பவர்களில் பலர் பழங்குடி இளைஞர்கள். அவர்களில் எத்தனையோ பேர் இன்னும் தற்காலிகக் கூலிகள்! கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்கள் 2011ல் வன உரிமை பெற்றார்கள். அதனால் அங்கே புலி அழிந்துபோகவில்லை, பெருகியது.

நம்மிலும் சிலர் வேறு விதமாகப் பேசுகிறார்கள். "மனிதனுக்கே சோறில்லை, பறவைக்கு என்ன வக்காலத்து?" என்கிறார்கள். அதுவும் தவறு, தோழர்களே. வாழ இடமில்லாமல் எஸ்டேட்டுக்குள் அலையும் யானை மிதிப்பது முதலாளியை அல்ல, லயனுக்குத் திரும்பும் தொழிலாளியை. சிறுத்தை தூக்கிப் போவது மேனேஜர் பங்களாக் குழந்தையை அல்ல, ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்தவனின் குழந்தையை. யானை எங்கே நிற்கிறது என்று செல்பேசியிலும் சிவப்பு விளக்கிலும் எச்சரிக்கும் ஏற்பாட்டை வால்பாறையில் செய்திருக்கிறார்கள். தொழிலாளியின் உயிரும் யானையின் உயிரும் ஒருசேரப் பிழைக்க வழி இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. காடு கெட்டால் முதல் அடி நமக்குத்தான் விழும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான்:

கிராம சபையின் சம்மதமில்லாமல் ஒரு குடிசையும் நகரக்கூடாது. வன உரிமைப் பட்டாக்களை இழுத்தடிக்காமல் கொடுக்க வேண்டும். வேட்டைத் தடுப்புக் காவலர்களை நிரந்தரமாக்க வேண்டும். காட்டைப் பார்க்க வருகிறவர்கள் தரும் காசில் காட்டு மக்களுக்கு உரிமையுள்ள பங்கு வேண்டும். சுற்றுலா என்ற பேரில் முதலாளிக்குக் காட்டைத் திறந்துவிடும் திருத்தத்தைக் கைவிட வேண்டும்.

அடுத்த விடுமுறைக்கு டாப்சிலிப் போகும் தோழர்களே! யானையைப் பாருங்கள், அதன் பக்கத்தில் நிற்கும் மலசரோடும் இரண்டு வார்த்தை பேசுங்கள். அவர் வீட்டுக்குப் பட்டா உண்டா, மாதச் சம்பளம் என்ன என்று கேளுங்கள். கேட்டதை மில் வாசலிலும் களத்து மேட்டிலும் வந்து சொல்லுங்கள்.

காட்டை அழித்தவன் வெளியேறட்டும்! காட்டைக் காத்தவன் அங்கேயே இருப்பான்!