டர்போ காரும் ஆயில் பில்லும்

சித்தூரிலுள்ள நம் சங்க அன்பர் ஒருவர், பழைய டர்போ பெட்ரோல் கார் வாங்கலாமா என்று கேட்டார். "சின்ன இன்ஜின்தான் சார், திருமலைப் பாதையில் பறக்கிறது!" பறக்கும்தான். செலவு பிறகு வரும்.

ரயில்வே டீசல் ஷெட்டில் பல்லாண்டு டர்போவோடு குடித்தனம் நடத்தியவன் நான். ஆயில் சோதனைச் சீட்டைப் பார்த்துத்தான் லோகோவை நம்புவோம். கார் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது ஆயில் படலத்தின் மீதே. மலையேறிய சூட்டோடு இன்ஜினை நிறுத்தினால் அந்த ஆயில் கரியாகும். ஒரு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். முந்தைய சொந்தக்காரர் விட்டாரா, யார் கண்டது?

2013-இல் வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினில் டைமிங் பெல்ட்டே ஆயிலில் நனைந்து ஓடுகிறது. பொருந்தாத ஆயில் ஊற்றினால் பெல்ட் உதிர்ந்து, ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். பிறகு இன்ஜினே போகும். இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அந்நிறுவனம் 2021-இல் அறிவித்துவிட்டது வேறு.

ஆகவே கிலோமீட்டர் கணக்கில் மயங்காமல், ஆயில் மாற்றிய பில்களைக் கேளுங்கள். இல்லையென்றால் டர்போவுக்கும் பெல்ட்டுக்கும் ஆகும் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள்.

அன்பரும் கேட்டிருக்கிறார். விற்பவரிடம் இருந்தது ஒரே பில், அதுவும் சீட் கவருக்கு. இவர் இன்னும் பஸ்ஸில்தான் திருப்பதி வருகிறார்.