கையெழுத்து மட்டும்தான் நம்முடையதா?



என் தங்கை குடும்பம் உட்லண்ட்ஸில் ஒரு நாலறை மறுவிற்பனை வீடு பார்த்திருக்கிறது. போன மாதம் வீட்டுக் கடன் விஷயமாக ஒரு வங்கிக்குப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். அந்த அதிகாரி நல்ல மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அத்தனை மரியாதையும் என் தங்கை வீட்டுக்காரருக்குத்தான். வட்டி, தவணை, அபராதம் எல்லாம் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். என் தங்கையிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "மேடம், நீங்க இங்கே ஒரு சைன், அடுத்த பக்கத்திலே ஒரு சைன்."

நல்ல வேளை, கடன் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தரலாம் என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், "எத்தனை விழுக்காடு வட்டிடி?" "அவருக்குத் தெரியும்க்கா" என்றாள். அவரைப் பார்த்தேன். "மொத ரெண்டு வருஷம் கம்மிதான், அப்புறம் என்னமோ சோரான்னு சொன்னாரு" என்றார். ஆக, 25 வருஷக் கடன் இருவருக்குமே தெரியவில்லை!

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தோம். அங்கே தெரிந்துகொண்டதை நம் பகுதியில் பகிர்ந்துகொண்டால் யாருக்காவது உதவும் என்றுதான் இந்தக் கடிதம்.

இது ஒரு சின்னத் தீவு. கடலைத் தூர்த்துத் தூர்த்து, 1960இல் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நிலம் இப்போது 730ஐத் தாண்டிவிட்டது. அப்படியும் இடம் போதவில்லை, வீட்டு விலையும் இறங்கவில்லை. வீவக 1960இல் தொடங்கியது. சொந்த வீட்டுத் திட்டம் 1964இல் வந்தது. மத்திய சேமநிதிப் பணத்தை வீட்டுக்குப் பயன்படுத்தலாம் என்றது 1968இல். அந்த மூன்றும் இல்லையென்றால் நம் அப்பா அம்மாவெல்லாம் சாகும்வரை வாடகை வீட்டில்தான். ஆனால் அன்றைக்கு விதி எளிது, விலையும் எளிது. இன்று அப்படியா?

முதலில் கழகக் கடனா, வங்கிக் கடனா என்ற கேள்வி. கழகத்தின் வட்டி 2.6 விழுக்காடு. சேமநிதி சாதாரணக் கணக்கின் 2.5 வட்டியோடு 0.1 சேர்த்தது. 1999 முதல் அது மாறவே இல்லை. வங்கி வட்டி அப்படி இல்லை, ஏறும், இறங்கும். எங்களுக்கு வங்கி சொன்ன வட்டி கழகத்தினுடையதைவிடக் குறைவாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 2022 கடைசியில் சில வங்கிகளின் வட்டி 4 விழுக்காட்டைத் தாண்டியதை மறந்துவிடக் கூடாது. 400,000 வெள்ளிக் கடன், 25 ஆண்டு என்று வையுங்கள். 2.6 விழுக்காட்டில் மாதத் தவணை ஏறக்குறைய 1,815 வெள்ளி. அதுவே 4 விழுக்காடானால் 2,111. மாதம் சுமார் 300 வெள்ளி வித்தியாசம். ஒரு சம்பளத்தில் ஓடும் வீட்டில் அந்த 300 எங்கிருந்து வரும்? மார்க்கெட் செலவிலிருந்து, பிள்ளையின் டியூஷனிலிருந்து. அதாவது நம் கையிலிருந்து! அதனால்தான் இதை நாம் கேட்க வேண்டும் என்கிறேன்.

இரண்டாவது, ரொக்கம். 2024 ஆகஸ்ட் 20 முதல் கழகக் கடனும் வீட்டு மதிப்பில் 75 விழுக்காடுதான், வங்கிக் கடனும் 75தான். மீதி 25ஐ நாம் போட வேண்டும். கழகக் கடன் என்றால் அந்த 25 முழுவதையும் சேமநிதியிலிருந்தே கொடுக்கலாம். வங்கிக் கடன் என்றால் அதில் 5 விழுக்காடாவது ரொக்கமாக வேண்டும். என் தங்கை பார்த்த வீட்டின் விலை 550,000, மதிப்பீடு 535,000. மதிப்பீட்டுக்கு மேலே உள்ள 15,000க்குக் கடனும் கிடையாது, சேமநிதியும் கிடையாது. முழுக்க ரொக்கம். வங்கிப் பக்கம் போனால் இன்னும் 26,750 சேர்த்து, மொத்தம் 41,750 வெள்ளி கையில் இருக்க வேண்டும். "அவ்வளவா?" என்று மாப்பிள்ளையே வாயைப் பிளந்தார். வீட்டுக்குள் வந்த பிறகு பெயின்ட் அடிக்க, அலமாரி போட, விளக்கு மாட்ட யார் காசு தருவது?

இன்னொன்று, கழகக் கடனிலிருந்து பின்னால் வங்கிக்கு மாறலாம். வங்கிக்குப் போனவர்கள் கழகத்துக்குத் திரும்ப முடியாது. இதை யாரும் முதலில் சொல்வதில்லை. கழகக் கடனிலும் ஒரு விஷயம் உண்டு. ஆளுக்கு 20,000 வெள்ளி வரை சாதாரணக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம், மிச்சத்தை வீட்டுக்குப் போட்ட பிறகுதான் கடன். அந்த 20,000ஐ விட்டுவைப்பது புத்திசாலித்தனம். வேலை போனால் சில மாதத் தவணைக்கு அதுதான் கை கொடுக்கும். இருவரும் சம்பாதித்து, சேமிப்பும் இருக்கிறது, இரண்டு ஆண்டுக்கொரு முறை வட்டியைப் பார்த்து மாற்றிக்கொள்ளப் பொறுமையும் இருக்கிறது என்றால் வங்கி சரிதான். ஒற்றைச் சம்பளம், கைக்குழந்தை என்றால் எனக்கு மனம் கழகத்தின் பக்கம்தான் போகிறது. வங்கி என்றால் எத்தனை ஆண்டு பிடித்து வைக்கிறார்கள், நடுவில் விலகினால் என்ன அபராதம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆலோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. முகவர் சொல்வார், அலுவலக நண்பர் சொல்வார், கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வார். இலவசமாகக் கடன் ஒப்பிட்டுத் தருகிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தரகுப் பணம் பொதுவாக வங்கியிடமிருந்து வருகிறது. தப்பில்லை, ஆனால் கழகக் கடன்தான் உங்களுக்கு நல்லது என்று சொல்வதில் அவர்களுக்கு ஒரு காசும் கிடையாது. அதை நினைவில் வைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுப் பணத்தை முகவர் கையில் கொடுக்கவே கூடாது, வாங்குவதற்கு அவருக்கும் அனுமதி கிடையாது.

இனி நான் முக்கியமாக எழுத நினைத்ததற்கு வருகிறேன்.

எங்கள் எதிர் வீட்டு அக்கா. கணவர் தவறியபோது பெரியவன் தொடக்கநிலை ஐந்து, சின்னவள் பாலர் பள்ளி. கடன் 180,000 வெள்ளி பாக்கி. "வீட்டுக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கே" என்று எல்லோரும் ஆறுதல் சொன்னோம். நானும்தான் சொன்னேன். சேமநிதியிலிருந்து மாதத் தவணை கட்டும் வீவக வீட்டுக்காரர்களுக்கு வீட்டுப் பாதுகாப்புத் திட்டம் என்ற காப்புறுதி உண்டு. இறந்தாலோ, நிரந்தரமாக முடங்கிப்போனாலோ கடனை அது அடைக்கும். ஆனால் எவ்வளவு அடைக்கும் என்பது நாம் எழுதிக்கொடுத்த பங்கைப் பொறுத்தது. இருவருக்கும் சேர்த்துக் குறைந்தது 100 விழுக்காடு வர வேண்டும். இவர்கள் பாரத்தில் ஆளுக்குப் பாதி என்று போட்டிருக்கிறார்கள். புருஷன் பெண்டாட்டி என்றால் பாதிப் பாதிதானே என்று! சம்பாதித்தது அவர் ஒருவர். அவர் போனதும் அடைந்தது அவருடைய பாதி மட்டும். 90,000 வெள்ளி கடன் அக்கா தலையில். பத்து வருஷமாக வேலைக்குப் போகாதவர், பள்ளிக்கூட உணவகத்தில் விடியற்காலை நாலரை மணிக்குப் பாத்திரம் தேய்க்கப் போனார். அவர் கணவருக்கு 100 என்று போட்டிருந்தால் சந்தா கொஞ்சம் கூடியிருக்கும், அவ்வளவுதான்.

இருவரும் ஆளுக்கு 100 என்றுகூடப் போடலாம். தாய் போனாலும் வீட்டுக்குப் பணக் கஷ்டம் வரும், பிள்ளையை யார் பார்ப்பது? உங்கள் வீட்டுப் பங்கு எத்தனை என்று சேமநிதிக் கணக்கில் சிங்பாஸ் போட்டு நுழைந்தால் தெரியும். குறைவாக இருந்தால் கூட்டச் சொல்லி விண்ணப்பிக்கலாம். ஆனால் உடல்நிலையைப் பார்ப்பார்கள், வியாதி வந்த பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம். அதனால் படித்ததும் பார்த்துவிடுங்கள், அடுப்பில் குழம்பு இருந்தால் அது கொதிக்கட்டும்.

பெயர் விஷயமும் அப்படித்தான். சில வீடுகளில் கணவர் மட்டும் உரிமையாளர், மனைவி 'குடியிருப்பவர்' என்று போடுகிறார்கள். பின்னால் தனியார் வீடு வாங்க மனைவி பெயர் காலியாக இருக்கட்டும் என்று கணக்கு. நல்லது. ஆனால் குடியிருப்பவருக்கு அந்த வீட்டில் உரிமை கிடையாது என்பதை யாராவது அந்தப் பெண்ணிடம் சொன்னார்களா? பிறகு பெயர் சேர்க்கக் கழகத்தின் ஒப்புதல் வேண்டும், நினைத்த மாத்திரத்தில் நடக்காது. கணவர் உயில் எழுதாமல் போய்விட்டால், முஸ்லிம் அல்லாத குடும்பங்களில் மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. அதற்கும் நீதிமன்றக் காகிதம் வேண்டும். இருவர் பெயரிலும் கூட்டாக இருந்தால் ஒருவருக்குப் பின் வீடு நேரே மற்றவருக்கு வந்துவிடும். ஆளுக்கு இத்தனை பங்கு என்று பிரித்து எழுதியிருந்தால் அப்படி வராது. எந்த வகை என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். சேமநிதிப் பணம் உயிலில் வராது, அதற்குத் தனியாக நியமனம் எழுத வேண்டும். கல்யாணத்துக்கு முன் எழுதியது கல்யாணத்தோடு ரத்தாகிவிடும். பல ஆண்களுக்கே இது தெரியாது, அம்மா பெயரில் எழுதியது அப்படியே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

வீட்டை விற்கும்போது வரும் அதிர்ச்சி வேறு. எடுத்த சேமநிதிப் பணத்தோடு, அது கணக்கிலேயே இருந்திருந்தால் சேர்ந்திருக்கக்கூடிய 2.5 விழுக்காடு வட்டியையும் நம் கணக்குக்குத் திருப்ப வேண்டும். 100,000 எடுத்து 20 வருஷம் ஆனால் அது 163,000க்கு மேல். அபராதம் இல்லை, நம் பணம் நம் கணக்குக்குத்தான் போகிறது. ஆனால் "வீடு ஏழு லட்சத்துக்குப் போச்சு" என்று சந்தோஷப்பட்டவர்கள் கையில் ரொக்கமாக எவ்வளவு வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தியர்களான நாம் ஆப்ஷன் வாங்குவதற்கு முன்பு பார்க்க வேண்டியது இன விகிதம். 1989 முதல் இருக்கும் விதி. அந்த புளோக்கில் நம் ஒதுக்கீடு நிரம்பிவிட்டதா என்பது கழக இணையப் பக்கத்தில் மாதா மாதம் முதல் தேதி மாறும். விற்கும்போதும் இதே விதியால் வாங்க வருபவர்கள் குறையலாம். வயதான வீடுகளில் இன்னொரு சங்கதி: 99 ஆண்டுக் குத்தகையில் மீதியிருப்பது, வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயது வரை போதவில்லை என்றால் சேமநிதியும் கடனும் குறையும். விலை மலிவு என்று பாயக் கூடாது.

ஆப்ஷன் வாங்கிய நாளிலிருந்து 21 நாள்தான். ஆப்ஷன் கட்டணம் 1,000 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது, உறுதிப்படுத்தும்போது கொடுப்பதும் சேர்த்து 5,000ஐத் தாண்டக் கூடாது. மனம் மாறினால் போவது முதல் கட்டணம் மட்டும். பயந்துகொண்டு கையெழுத்துப் போட்டுவிட வேண்டியதில்லை.

என் தங்கை குடும்பம் கடைசியில் கழகக் கடனே எடுத்தது. வீடு வாங்கத் தகுதிக் கடிதம், அந்த 9 மாதம் செல்லுபடியாகும் கடிதம், முன்பே வாங்கி வைத்திருந்ததால் அலைச்சல் இல்லை. காப்புறுதியில் இருவருக்கும் ஆளுக்கு 100 போட்டார்கள். வீடு இருவர் பெயரிலும் கூட்டாக.

தோ பாயோவில் வீவக மையத்துக்குப் போன அன்று நான் போகவில்லை. அவளே ஒரு பள்ளிக்கூட நோட்டில் பதினான்கு கேள்வி எழுதிக்கொண்டு போனாள், பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். ஒன்று விடாமல் கேட்டாளாம். மாப்பிள்ளை எனக்கு போன் போட்டு, "அக்கா, பசி உசிரு போவுது, உங்க தங்கச்சி இன்னும் ஒன்பதாவது கேள்வியிலதான் இருக்கா" என்றார்.

- ஒரு வாசகி, சிங்கப்பூர்