பெயர் கூடவே வராது, தம்பிகளே!

அன்பான பழைய மாணவர்களே, உறவுகளே,

நம் பள்ளியின் பழைய குழுப் படங்களை எல்லாரும் ஸ்கேன் செய்து சேர்த்து வருகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் படத்தில் இருப்பவர்களின் பெயர்களைப் பதிவு செய்ய நம் கணினித் தம்பிகள் சொல்லும் வழியை நான் எதிர்க்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அவர்கள் சொல்வது இதுதான்: "சார், லினக்ஸில் 'செட்எஃப்அட்டர்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. படத்தைத் தொடாமலே யார் யார், எந்த ஆண்டு என்று கோப்போடு சேர்த்து எழுதிவிடலாம். 'கெட்எஃப்அட்டர் -டி' கொடுத்தால் அத்தனையும் திரையில் வரும்."

வரும், மறுக்கவில்லை. மேக் கணினியிலும் 'எக்ஸ்அட்டர்' என்ற கட்டளை இதே வேலையைச் செய்கிறது. ஆனால் அந்தக் குறிப்பு படத்துக்குள் இல்லை. கோப்பு இருக்கிற வட்டு தன் கணக்கில் ஓரமாக எழுதி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வருகைப் பதிவேட்டில் பையன் பெயருக்கு எதிரே ஆசிரியர் பென்சிலால் எழுதும் குறிப்பு மாதிரி. பையன் வேறு பள்ளிக்குப் போனால் பையன் மட்டும்தான் போவான். குறிப்பு பதிவேட்டிலேயே கிடக்கும்.

என்ன நடக்கும் பாருங்கள். லினக்ஸில் வெறும் 'சிபி' கொடுத்துப் படியெடுத்தால் குறிப்பு வராது; '--பிரிசர்வ்=எக்ஸ்அட்டர்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். 'ஆர்சிங்க் -ஏ' போதும் என்று நினைப்பீர்கள், போதாது. பெரிய 'எக்ஸ்' குறியும் சேர்க்க வேண்டும். 'டார்' கட்டும்போது '--எக்ஸ்அட்டர்ஸ்' என்று சொல்லாவிட்டால் மூட்டைக்குள் அது ஏறாது. நாம் கடையில் வாங்கும் பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட். லினக்ஸில் அவற்றில் இந்தக் குறிப்பு எழுதவே இடமில்லை. மின்னஞ்சலில் இணைத்தால் படம் போகும், பெயர் போகாது.

இதில் எனக்குக் கோபம் வருவது ஒன்றில்தான். 'சிபி -ஏ' எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று பெயர் வாங்கிய கட்டளை. அதுவே குறிப்பை எடுத்துச் செல்ல முடியாதபோது வாய் திறக்காமல் படியெடுத்து முடித்துவிடும். எச்சரிக்கை ஒரு வரி கிடையாது. தொலைந்தது தெரிந்தால் தேடலாம். தெரியாமலே தொலைந்தால்?

நம் முன்னோர் இதில் கெட்டிக்காரர்கள். நம் பெரிய கோயில் சுவரைப் பாருங்கள். யார் கொடுத்தார், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, என்ன கொடை என்று அந்தக் கல்லிலேயே வெட்டியிருக்கிறது. திருக்கோடிக்காவல் கோயிலைச் செம்பியன் மாதேவியார் கற்றளியாகப் புதுக்கியபோது, பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி பொறிக்கச் செய்தார். இடம் மாறும்போது எழுத்தும் கூட வர வேண்டும் என்று ஒருவர் நினைத்துச் சொன்னதால்தான் அது வந்தது. தானாக வரவில்லை.

"வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே எழுதியதும்தானே போகிறது?" என்பீர்கள். ஆமாம். அதனால்தான் ஒரே இடத்தை நம்பாதீர்கள் என்கிறேன். கோப்பின் பெயரிலேயே ஆண்டும் வகுப்பும் இருக்கட்டும். பெயர்களை வரிசைப்படி, இடமிருந்து வலமாக, படத்தின் உள்ளேயே இருக்கும் தலைப்புக் குறிப்பில் எழுதுங்கள். அதே பட்டியலைப் பக்கத்தில் ஒரு சாதாரண உரைக் கோப்பாகவும் வையுங்கள். அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். இவ்வளவும் செய்தபின் தேடுவதற்கு வசதியாக 'செட்எஃப்அட்டர்' போட்டுக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்?

மூன்றாம் வரிசையில் நான்காவதாக நிற்பவர் யார் என்று சொல்லக்கூடியவர்கள் இன்று ஊரில் ஒன்றிரண்டு பேர்தான். எண்பதைத் தாண்டியவர்கள். படத்தை எப்போது வேண்டுமானாலும் ஸ்கேன் செய்யலாம். அவர்களிடம் கேட்டு எழுதிய பெயர் ஒரு பென் டிரைவில் உதிர்ந்துபோனால், மறுபடி யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள். எழுதியதை வேறொரு கணினியில் திறந்து, பெயர் வந்திருக்கிறதா என்று பார்த்தபின் எனக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்,
அடி அண்ணாமலை