வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள், ஏமாந்துவிட்டால் மறைக்காதீர்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வெளியூரில் வாடகை வீடு தேடும் பிள்ளை யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் அவர்களுக்கும் அனுப்பி வையுங்கள்.

நம் வெண்ணந்தூரில் தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள் இன்று பெங்களூர், சென்னை, கோவை, ஓசூர் என்று வேலைக்குப் போகிறார்கள். எங்கள் காலத்தில் வெளியூருக்கு மாற்றல் வந்தால் அந்த ஊரில் தெரிந்தவர் ஒருவர் வீடு பார்த்து வைப்பார். இல்லாவிட்டால் தெருத்தெருவாக நடந்து 'டு லெட்' பலகையைத் தேட வேண்டும். இப்போது போனிலேயே நூறு வீடு பார்த்துவிடலாம். நல்ல வசதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. வாசலில் பலகை மாட்ட வேண்டுமானால் அந்த வீட்டுக்காரருக்குத் தெரியாமல் மாட்ட முடியாது. போனில் வரும் விளம்பரத்தை யார் வேண்டுமானாலும், யார் வீட்டுப் படத்தை வைத்து வேண்டுமானாலும் போடலாம்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு நடந்ததை, அவளிடம் கேட்டுக்கொண்டு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். பெங்களூரில் வேலை கிடைத்தது. பத்து நாளில் சேர வேண்டும். ஒரு விளம்பரத்தில் அழகான இரண்டு படுக்கையறை வீடு, பக்கத்து வீடுகளின் வாடகையில் பாதிதான் கேட்டிருந்தார்கள். போன் செய்தால் "நான் ராணுவ அதிகாரி, ஜம்முவுக்கு மாற்றலாகிவிட்டேன், நேரில் வந்து காட்ட முடியாது" என்றிருக்கிறான். அடையாள அட்டை, சீருடையில் படம் எல்லாம் வந்தன. குடியிருப்புக்குள் போய்ப் பார்க்க 'கேட் பாஸ்' எடுக்க 2,500 ரூபாய், அது திரும்பக் கிடைக்கும் என்றான். அனுப்பினாள். "இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள், ஒரு மாத வாடகை போட்டால் உங்களுக்கே வைத்திருக்கிறேன்" என்றான். அதையும் அனுப்பினாள். அப்புறம் போன் அணைந்துவிட்டது.

அவள் வீட்டில் நான்கு நாள் சொல்லவில்லை. சொன்னபோது வந்த முதல் கேள்வி, "இவ்வளவு படிச்சும் இப்படி ஏமாந்துட்டியே?" என்பதுதான். ஐந்தாம் நாள் புகார் கொடுத்தார்கள். அதற்குள் பணம் கை மாறிப் போய்விட்டது.

இதைப் பற்றி என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். பணத்தை எடுத்தது அந்த மோசடிக்காரன். ஆனால் அந்த நான்கு நாளை எடுத்தது நம் வீட்டுப் பெரியவர்களின் வாய். 'திட்டுவார்களே' என்ற பயத்தில் பிள்ளைகள் மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவனுக்கு லாபம். அதனால் இந்தப் பதிவு பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குப் பாதி.

முதலில் பிள்ளைகளுக்கு.

ஏன் ராணுவ வேஷம் போடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ராணுவம் என்றால் நமக்கு மரியாதை. மாற்றல் என்றால் நம்பும்படி இருக்கிறது. நேரில் வர முடியாததற்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. ஒரே வேஷத்தில் மூன்று கேள்விக்கு விடை. இந்தியா முழுவதும் பல ஊர்க் காவல்துறைகள் இந்தத் தந்திரத்தைப் பற்றி எச்சரித்திருக்கின்றன. வாடகைக்கு விடுகிறவர்களையும் இதே வேஷத்தில் ஏமாற்றுகிறார்கள். "உங்கள் வீடு பிடித்திருக்கிறது, அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்பான். போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும். இதை மனப்பாடம் செய்து கொள்ளுங்கள்: யுபிஐ-யில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம்.

இனி, பொய் விளம்பரத்தைக் கண்டுபிடிக்கும் வழிகள்.

1. வாடகையை ஒப்பிடுங்கள். அதே தெருவில், அதே அளவு வீடு நான்கைப் பாருங்கள். ஒன்று மட்டும் பாதி விலை என்றால், அது அதிர்ஷ்டம் இல்லை, தூண்டில்.

2. படத்தைச் சோதியுங்கள். கூகுள் லென்ஸில் அந்தப் படத்தைப் போட்டால் அது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும். வேறு ஊர் ஓட்டல் அறையாகவோ, விற்பனைக்கு வந்த பழைய வீடாகவோ இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

3. நேரில் போக முடியாவிட்டால் அந்த ஊரில் இருக்கும் ஒருவரை அனுப்புங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் இல்லாத ஊர் எது? இந்தப் பதிவின் கீழே கேட்டாலே யாராவது போய்ப் பார்த்துச் சொல்வார்கள். அதுவும் முடியாவிட்டால் வீடியோ காலில் வரச் சொல்லி, "குழாயைத் திறந்து காட்டுங்கள், வாசலுக்கு வந்து தெருப் பெயர்ப் பலகையைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பழைய வீடியோவை ஓட்டுகிறவனால் இதைச் செய்ய முடியாது.

4. வீட்டுக்காரர் யார் என்று பாருங்கள். மின் கட்டண ரசீதிலும் வீட்டு வரி ரசீதிலும் இருக்கும் பெயரும் பேசுகிறவர் பெயரும் ஒத்துப் போகிறதா? தமிழ்நாட்டில் என்றால் பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆதார் படத்தை அனுப்பினான் என்பதற்காக நம்பாதீர்கள். அது முன்பு ஏமாந்த இன்னொருவருடைய ஆதாராக இருக்கலாம்.

5. ஒப்பந்தம் கேளுங்கள். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை அரசிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல டோக்கன் போடுங்க" என்கிறவரிடம் கவனமாக இருங்கள்.

போக்கியத்துக்கு வீடு தேடுகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே கவனமாக இருக்க வேண்டும். இடையில் ஒருவன் உண்மையான வீட்டுக்காரரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்து, அதையே லட்சக்கணக்கில் போக்கியத்துக்கு விட்டுவிட்டு ஓடிப்போவது நடக்கிறது. வீடு உண்மை, சாவி உண்மை, உள்ளே குடியும் போய்விடலாம். ஆனால் வாடகை நின்றதும் வீட்டுக்காரர் வந்து நிற்பார். உரிமையாளரை நேரில் பார்த்துப் பேசி, அவரே கையெழுத்துப் போடாமல் போக்கியப் பணம் கொடுக்காதீர்கள்.

இத்தனையும் நினைவில் நிற்காவிட்டால் ஒன்றை மட்டும் வைத்துக் கொள்ளுங்கள்: வீட்டில் கால் வைக்காமல் கையிலிருந்து காசு வைக்காதே.

அடுத்தது, ஏமாந்துவிட்டால் என்ன செய்வது.

உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது சைபர் பண மோசடிக்கென்றே இருக்கும் தேசிய உதவி எண். அங்கே சொன்னதும் தகவல் வங்கிகளுக்குப் போகும். பணம் இன்னும் கணக்கில் இருந்தால் அதை நிறுத்தி வைக்க முயல்வார்கள். மோசடிக்காரர்கள் பணத்தை நான்கைந்து கணக்குக்கு மாற்றி எடுத்துவிடுவதால்தான் முதல் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். பிறகு உள்துறை அமைச்சகத்தின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் முழுப் புகாரையும் பதியுங்கள். பணம் போன நேரம், பரிவர்த்தனை எண், அவனுடைய போன் எண், யுபிஐ முகவரி, விளம்பரத்தின் இணைப்பு, வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வேண்டும். கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். அதுதான் சாட்சி. ஆள்மாறாட்டம் செய்து இணைய வழியில் ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66 டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஆகவே இது 'சின்ன விஷயம்' இல்லை.

சில நாள் கழித்து "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கொஞ்சம் கட்டணம் கட்டுங்கள்" என்று ஒருவன் பேசலாம். அதுவும் மோசடிதான். ஏமாந்தவர்களைத் தேடி வருகிற இரண்டாவது திருடன் அவன்.

பணம் போகவில்லை, முன்பே கண்டுபிடித்துவிட்டீர்களா? "நல்லவேளை தப்பிச்சேன்" என்று மூடி வைத்துவிடாதீர்கள். அந்த விளம்பரத்தின் கீழேயே புகார் செய்யும் வசதி இருக்கும், அழுத்துங்கள். அழைப்பிலும் செய்தியிலும் வரும் மோசடி முயற்சிகளைச் சொல்ல, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதி 2024 மார்ச் முதல் இருக்கிறது. நீங்கள் தப்பித்த அதே விளம்பரத்தில் நாளை வேறொரு பிள்ளை விழும். "கம்பெனிக்காரனே பார்த்து நீக்கிவிடுவான்" என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 20 நகரங்களில் கிரெய்க்ஸ்லிஸ்ட் தளத்தின் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடகை விளம்பரங்களை ஆராய்ந்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 29,000 பொய் விளம்பரங்களைக் கண்டார்கள். அவற்றில் பாதியைக்கூட அந்தத் தளம் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. நாம் சொன்னால்தான் பல விளம்பரங்கள் நீங்கும்.

இனி பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும்.

பிள்ளை ஏமாந்து வந்து நின்றால் முதலில் "எத்தனை மணிக்குப் பணம் போச்சு?" என்று கேளுங்கள். "ஏன் போட்டே?" என்பதை அடுத்த வாரம் கேட்டுக் கொள்ளலாம். பொய் கணக்குப் போட்ட பையனைவிட, தப்பாகப் போட்டதை மறைத்த பையனைத்தான் வகுப்பில் திருத்துவது கடினம். அவன் மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பிரம்பாகத்தான் இருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், பயம் யாரையும் புத்திசாலி ஆக்கியதில்லை, மறைக்கத்தான் கற்றுக் கொடுத்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம். இந்தப் பொய் விளம்பரங்களில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்: 'பேச்சிலர் வரலாம்', 'தனியாக இருக்கும் பெண்கள் வரலாம்', 'அசைவம் சமைக்கலாம்', 'எந்தச் சமூகமானாலும் சரி', 'புரோக்கர் இல்லை'. நிஜமான வீட்டுக்காரர்கள் எதையெல்லாம் சொல்லி மறுக்கிறோமோ, அதையே அவன் தூண்டிலில் மாட்டுகிறான். ஐந்து வீட்டு வாசலில் 'என்ன ஆளுங்க?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்த பிள்ளைக்கு, எதுவும் கேட்காத ஆறாவது ஆள் தெய்வமாகத் தெரிகிறான். மேல் மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் உறவுகள் பலர் இதைப் படிக்கிறீர்கள். வருகிறவரின் வேலையை, நடத்தையை, அடையாளச் சான்றை விசாரியுங்கள். சாதியையும் சட்டியில் என்ன வேகிறது என்பதையும் விட்டுவிடுங்கள். நல்ல வீடுகள் நேர்மையாகத் திறந்தால் பொய் வீடுகளைத் தேடிப் போகிறவர்கள் குறைவார்கள்.

வாத்தியார் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் விட முடியுமா? இன்று இரவே 1930-ஐ உங்கள் போனில் சேமியுங்கள், அப்பா அம்மா போனிலும் சேமித்துக் கொடுங்கள். வீடு தேடுகிறவர்கள் ஊர், பகுதி, எவ்வளவு வாடகை முடியும் என்பதை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அந்த ஊரில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் நான் கேட்டுச் சொல்கிறேன். அங்கே இருக்கிறவர்களே, ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி அந்த வீட்டைப் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்,
வெண்ணந்தூர்.