வாசிக்கத் தெரியாத பிள்ளை யார் கணக்கில்?

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனுக்கு, இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கும் ஒரு சின்னக் கதையை வாசிக்கத் தெரியவில்லை. யார் காரணம்?

இந்தக் கேள்வியை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர், "வீட்டில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்தால்தானே?" என்பார. அம்மா, "பள்ளிக்கூடத்தில் என்னதான் நடத்துகிறார்களோ!" என்பார். பக்கத்து வீட்டுக்காரர், "எப்பப் பார்த்தாலும் கையில் செல்போன், அப்புறம் எப்படி?" என்பார். அரசாங்கம் ஒரு திட்டத்துக்கு அழகாகப் பெயர் வைக்கும். பையன் மட்டும் எதுவும் சொல்ல மாட்டான். வகுப்பில் எல்லாரும் சத்தமாக வாசிக்கும்போது உதட்டை மட்டும் அசைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவான்.

எல்லாரும் சொல்வதில் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதுதான் சிக்கலே! பொறுப்பு நாலு பேரிடம் பிரிந்து கிடப்பதால் ஒருவர் கையிலும் இல்லாமல் போகிறது. பங்குதாரர்கள் நாலு பேர் இருந்தும் கணக்கு எழுத ஆளில்லாத கடை மாதிரி.

எண்கள் சொல்வது

பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் 'ஏசர்' என்ற ஆய்வை நடத்தி வருகிறது. கிராமங்களில் வீடு வீடாகப் போய், பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். தாளில் நான்கே படிகள்: எழுத்து, சொல், ஒரு சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை. அவ்வளவுதான்.

இந்த எளிய தாளில்தான் நாடு தடுமாறுகிறது. இந்தியக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சுமார் பாதிப் பேரால்தான் அந்தக் கதையை வாசிக்க முடிகிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இது 2018இல் நூற்றுக்குச் சுமார் 40. கொரோனாவுக்குப் பிறகு, 2022இல் சுமார் 25 ஆக விழுந்தது. 2024இல் 35 அளவுக்கு எழுந்திருக்கிறது. எழுந்தது சந்தோஷம்தான். ஆனால் விழுவதற்கு முன்பே பாதிக்கு மேல் பிள்ளைகள் வெளியேதான் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

"தமிழ் வாசிக்கவா கஷ்டம்?"

பலர் இப்படிக் கேட்பதுண்டு. ஆங்கிலம் மாதிரி ஸ்பெல்லிங் தொல்லை இல்லை, எழுத்து தெரிந்தால் வாசித்துவிடலாமே என்று. வளர்ந்தவர்களுக்கு எல்லாமே சுலபம்தான்!

ஆறு வயதுப் பிள்ளையின் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். மொத்தம் 247 எழுத்துகள். 'கொ' என்ற ஓர் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காதுக்கு முதலில் வருவது 'க்', பிறகு 'ஒ'. கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, அப்புறம் 'க', அப்புறம் கால். அடுத்து, 'கடல்', 'அகம்', 'சங்கு' மூன்றிலும் ஒரே 'க' குடும்பம்தான். ஆனால் உச்சரிப்பு மூன்று விதம். இது போதாதென்று, வீட்டில் "வந்துட்டாங்க" என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் "வந்துவிட்டார்கள்" என்று பார்க்கிறது. தன் வாயில் வராத தமிழையும் சேர்த்துத்தான் அது கற்க வேண்டியிருக்கிறது.

'அ, ஆ, இ, ஈ' என்று வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளைக்கு எழுத்து தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டுக் கேட்டால் மறுபடி 'அ'விலிருந்து ஆரம்பிக்கும். எழுத்தைக் கூட்டுவதற்கே முழு மூச்சையும் செலவழிக்கும் பிள்ளை, வாக்கியத்தின் கடைசிக்கு வரும்போது ஆரம்பத்தை மறந்திருக்கும். கதை எப்படிப் புரியும்?

இந்தத் தடுமாற்றம் மூன்றாம் வகுப்புக்குள் தீரவில்லை என்றால் கூட்டு வட்டி ஏற ஆரம்பிக்கிறது. அதுவரை வாசிக்கக் கற்ற பிள்ளைகள் அதன்பிறகு வாசித்துத்தான் மற்றதைக் கற்கிறார்கள். கணக்கில் வரும் வாக்கியம், அறிவியல், சமூக அறிவியல் எல்லாமே வாசிப்புதான். நன்றாக வாசிப்பவர் மேலும் வாசிக்கிறார், மேலும் வளர்கிறார். தடுமாறுபவர் புத்தகத்தைத் தவிர்க்கிறார், மேலும் பின்தங்குகிறார். வாசிப்பில் நடக்கும் இந்தச் சுழற்சியை 1986இலேயே உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் 'மத்தேயு விளைவு' என்ற பெயரில் விளக்கினார். அசல் சின்னதாக இருக்கும்போதே அடைக்க வேண்டிய கடன் இது.

கூடிப் பேசுவதும் கூடிச் செய்வதும்

'எல்லாரும் சேர்ந்து செயல்பட வேண்டும்' என்று மேடையில் பேசினால் கைதட்டு நிச்சயம். ஆனால் எப்படிச் சேர்வது?

இதற்கு ஒரு நல்ல பாடம் உத்தரப்பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் கிடைத்தது. 280 கிராமங்களில் 2005-06இல் ஒரு பரிசோதனை நடந்தது. பின்னாளில், 2019இல், நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தவர்கள். சில கிராமங்களில் ஊர்க்கூட்டம் போட்டு, பள்ளி தொடர்பாகப் பெற்றோருக்கு உள்ள உரிமைகளை விளக்கினார்கள். சில கிராமங்களில் கூடுதலாக, பிள்ளைகளின் வாசிப்பை ஊர்க்காரர்களே சோதித்துப் பார்க்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். இன்னும் சில கிராமங்களில் அதற்கும் மேலே போய், உள்ளூர் இளைஞர்களுக்கு வாசிப்பு சொல்லித்தரும் எளிய முறையில் பயிற்சி கொடுத்து, மாலை முகாம் நடத்தச் சொன்னார்கள்.

முதல் இரண்டு வகைக் கிராமங்களிலும் கூட்டம் நடந்தது, பேச்சு நடந்தது, பள்ளிக்கூடத்தில் எதுவும் மாறவில்லை. மூன்றாவது வகையில் இளைஞர்கள் முன்வந்தார்கள், முகாம்கள் நடந்தன. தவறாமல் போன பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். ஆனால் ஒரு குறை. நூற்றுக்குப் பத்துப் பிள்ளைகள்கூட முகாமுக்கு வரவில்லை!

இதில் இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, ஊரிடம் கவலையைக் கொடுத்தால் அது கலைந்து வீட்டுக்குப் போய்விடும், வேலையைக் கொடுத்தால் செய்யும். இரண்டு, சொல்லித்தர ஆள் இருந்தாலும் பிள்ளையை அங்கே கொண்டுவந்து சேர்க்க இன்னொருவர் வேண்டும்.

இல்லம் தேடி வந்த கல்வி

தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் செய்து பார்த்தது 'இல்லம் தேடிக் கல்வி'. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள், வீட்டுக்குப் பக்கத்திலேயே வகுப்பு. ஒரு தன்னார்வலருக்குச் சுமார் 20 பிள்ளைகள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. உச்சத்தில் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் அந்தந்தத் தெருவிலேயே வசிக்கும் பெண்கள்.

கிடைத்தது என்ன? அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறே மாதத்தில் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. இழப்பு ஏழைப் பிள்ளைகளைத்தான் அதிகம் அடித்திருந்தது. மீட்சி அவர்களிடம்தான் அதிகமாக நடந்தது.

1000 ரூபாயை 20ஆல் வகுத்தால் பிள்ளைக்கு மாதம் 50 ரூபாய். ஒரு பிரியாணிப் பொட்டலம்கூட வராத காசு!

ஆனால் கொரோனா நெருக்கடி தணிந்ததும் மையங்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. இங்கேதான் சண்டை போட வேண்டியிருக்கிறது. 2018இல் கொரோனா இல்லை. அப்போதும் பாதிக்கு மேல் பிள்ளைகளுக்கு அந்தக் கதையை வாசிக்கத் தெரியவில்லை. பெருவெள்ளம் வடிந்தது, சரி. வெள்ளத்துக்கு முன்பிருந்தே ஒழுகும் கூரையை யார் பார்ப்பது?

எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு

"சொல்லித்தரத்தானே ஆசிரியருக்குச் சம்பளம்? அந்த வேலையைத் தெருவில் இருப்பவர் தலையில் ஏன் கட்ட வேண்டும்?" என்பது முதல் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் 40 நிமிடப் பீரியடில் 30 பிள்ளைகள் என்றால் ஒருவருக்கு ஒன்றரை நிமிடம்கூட வராது. பல தொடக்கப் பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். வாசிப்போ, ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்டால்தான் வளரும். தன்னார்வலர் ஆசிரியருக்கு மாற்று ஆள் ஆகிவிடக் கூடாது. காலிப் பணியிடங்களை நிரப்பாமல் இருக்க இதை ஒரு சாக்காக்கினால், எதிர்க்கத்தான் வேண்டும்.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. அந்த 50 ரூபாய்க் கணக்கு சின்னதாக இருப்பதற்குக் காரணமே, அந்தப் பெண்களின் உழைப்புக்கு உரிய விலை போடாததுதான். செலவுக் கணக்கில் எழுதாத செலவும் செலவுதான். மலிவாகக் கிடைக்கிறது என்று பாராட்டுவதை நிறுத்திவிட்டு, ஊக்கத்தொகையை உயர்த்தி, நேரத்துக்குக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, எல்லாத் தடுமாற்றமும் ஒன்றல்ல. சில பிள்ளைகளுக்குக் கண்ணாடி போட்டாலே பாதி சரியாகும். சிலருக்கு டிஸ்லெக்சியா இருக்கும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு சிறப்புப் பயிற்சி பெற்றவர் தேவை. "சோம்பேறி" என்று திட்டாமல் சரியான ஆளிடம் அனுப்பிவைப்பதே தன்னார்வலர் செய்யக்கூடிய பெரிய உதவி.

யார் எதைச் செய்வது?

ஆசிரியர்: பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது நல்ல முறை. அந்தத் தகவல் மாலை வகுப்பு நடத்துபவர் கைக்கும் போக வேண்டும்.

தன்னார்வலர்: அந்தப் படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற்ற வேண்டும். வீட்டுப்பாடம் முடித்துக் கொடுப்பது அவர் வேலையல்ல.

பெற்றோர்: பலருக்குத் தங்களுக்கே படிக்கத் தெரியாதே என்ற கூச்சம். சொல்லித்தரவே வேண்டாம். தினமும் அனுப்பிவைத்து, இரவில் பத்து நிமிடம் பிள்ளை வாசிப்பதைக் காதால் கேட்டால் போதும்.

நூலகம்: 1948லேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறார்கள். கிளை நூலகத்தில் எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கென்று ஒரு அலமாரி இருக்க வேண்டாமா? 'வாசிப்பு இயக்கம்' நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டது. அந்த மாதிரிப் புத்தகங்கள் ஒவ்வொரு தெருவுக்கும் வேண்டும்.

கல்லூரி மாணவர்கள்?

கடைசியாக, இதைப் படித்துக்கொண்டிருக்கும் பலருக்கும் பொருந்தும் ஒரு கணக்கு. என்.எஸ்.எஸ். மாணவர் ஒருவர் வருடத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அதில் எவ்வளவு நேரம் கல்லூரி மைதானத்தில் புல் செதுக்குவதிலும், போன வருடம் நட்ட அதே குழியில் மறுபடி மரக்கன்று நடுவதிலும் போகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்!

அதே 120 மணியை அரை மணி அரை மணியாகப் பிரித்தால் 240 அமர்வு. ஒரு பிள்ளைக்கு வாரம் மூன்று அமர்வு, 40 வாரம் என்றால் 120. ஆக, ஒரு மாணவர் வருடத்தில் இரண்டு பிள்ளைகளுடன் உட்கார முடியும். ஒரு யூனிட்டில் 100 பேர். ஒரு யூனிட், 200 பிள்ளைகள். புதிய நிதி வேண்டாம், புதிய சட்டம் வேண்டாம். ஒரு தாள், ஒரு கதைப் புத்தகம், பக்கத்துத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரின் அனுமதி, இரண்டு நாள் பயிற்சி போதும்.

பரீட்சை நேரத்தில் விட்டுப்போகும், பாதியில் நின்றுவிடுவார்கள் என்று சொல்வார்கள். உண்மைதான். அதற்குத்தான் யூனிட்டில் 100 பேர் இருக்கிறார்கள், ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக்கொள்ள ஒரு வருகைப் பதிவேடு போதும்.

அடுத்த சிறப்பு முகாமுக்கு இன்னும் ஊர் முடிவாகவில்லை என்றால், திட்ட அலுவலரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாமே. உங்கள் கல்லூரியில் யார் கேட்கப் போகிறீர்கள்?