ஸ்டீராய்டு: நாள் குறித்துத் தொடங்குவோம், நாள் குறித்து நிறுத்துவோம்

ஏஆர்டிஎஸ் நோயாளிக்கு ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்ற வாதம் அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. 1967-இல் ஆஷ்பாவும் சகாக்களும் 12 நோயாளிகளை வைத்து இந்நிலையை விவரித்த கட்டுரையிலேயே ஸ்டீராய்டு பற்றிய பேச்சு உண்டு. இன்று நம்மிடம் இருக்கும் சான்றுகள் கேள்வியையே மாற்றிவிட்டன: எந்த நாளில் தொடங்குவது, எந்த நாளில் முடிப்பது?

2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏழு நாள் கடந்தும் தேறாத 180 பேரில் மெத்தில்பிரெட்னிசோலோன் இறப்பைக் குறைக்கவில்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு தொடங்கியவர்களில் இறப்பு கூடியது. 2020-இல் ஸ்பெயினில் 277 பேருக்கு நடந்த ஆய்வில், தொடக்கத்திலேயே கொடுத்த டெக்சாமெத்தசோன் (ஐந்து நாள் 20 மி.கி., அடுத்த ஐந்து நாள் 10 மி.கி.) 60 நாள் இறப்பை 36 சதவீதத்திலிருந்து 21 ஆக்கியது. அதே ஆண்டு ரெக்கவரி ஆய்வில், வெண்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3-க்கு இறங்கியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ பயனில்லை. மருந்தும் நோயாளிகளும் ஆய்வுக்கு ஆய்வு வேறு. ஆனாலும் காலம் தவறினால் பலன் தவறும் என்பதை இவை உணர்த்துகின்றன.

நான் பணிபுரிந்த ஒரு பிரிவில், ஒரு நோயாளியின் பதினாறாம் நாள் மருந்துத் தாளில் "டெக்ஸா – தொடரவும்" என்றிருந்தது. சர்க்கரை 340. கையைத் தூக்கச் சொன்னால் விரல் மட்டும் அசைந்தது. வெண்டிலேட்டரிலிருந்து விடுவிக்கும் முயற்சி இரண்டு முறை தோற்றிருந்தது. அந்தத் தாளில் முந்தைய மூன்று நாள் "தொடரவும்" என்று எழுதியவன் நான்தான். 2021-இல் கருப்புப் பூஞ்சை நம் வார்டுகளை நிறைத்தபோது, கட்டுப்படாத சர்க்கரையும் கணக்கின்றிக் கொடுத்த ஸ்டீராய்டும் கைகோத்து நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

தொடங்குமுன் காரணத்தைத் தேடுங்கள். இன்ஃபுளுயன்சா என்றால் நிதானியுங்கள். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு இருக்கக்கூடியவருக்கு ஐவர்மெக்டினை மறக்காதீர்கள். கிலோவுக்கு 6 மி.லி. மூச்சளவுக்கும் குப்புறப் படுக்கவைப்பதற்கும் ஸ்டீராய்டு மாற்றாகாது.

நாளைக் காலை ரவுண்ட்ஸில் மருந்துத் தாளின் ஸ்டீராய்டு வரிக்கு எதிரே "நாள் 4/10" என்று எழுதுங்கள். "தொடரவும்" என்ற சொல் அங்கே இனி வேண்டாம்.