தளிரில் தொடங்கும் ஆபத்து

தென்னமெரிக்க இலைக்கருகல், ரப்பர் மரத்தின் இளந்தளிர்களைத் தாக்கும் பூஞ்சை நோய். இதற்குக் காரணமான பூஞ்சை நெடுங்காலம் மைக்ரோசைக்ளஸ் உலெய் என்று அறியப்பட்டது. இப்போது சூடோசெர்கோஸ்போரா உலெய் என்று வகைப்படுத்தப்பட்டுள்ளது. ரப்பர் மரத்தைப் போலவே இதன் பிறப்பிடமும் அமேசான் காடுதான். மெக்சிகோவிலிருந்து பிரேசிலின் தென்பகுதி வரை பரவியுள்ள இந்நோய் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இதுவரை காலூன்றவில்லை. உலகின் இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 90 சதவீதம் ஆசியாவில் விளைகிறது. அந்த விளைச்சல் முழுவதும் இந்தப் பூஞ்சை இங்கே இல்லை என்ற ஒரே உண்மையின்மேல் நிற்கிறது.

முதிர்ந்த இலையை இந்தப் பூஞ்சையால் தொற்ற முடியாது. துளிர்த்து இரண்டு வாரம்கூட ஆகாத, செம்பழுப்பு நிறம் மாறாத தளிரே அதன் இலக்கு. மழையாலோ பனியாலோ இலை பல மணி நேரம் ஈரமாக இருந்தால் பூஞ்சை வித்து முளைத்து உள்ளே நுழைகிறது. தளிர் சுருண்டு, கருகி, உதிர்கிறது. மரம் தன் சேமிப்பைச் செலவிட்டு மறுபடி துளிர்க்கிறது. அந்தத் தளிரும் உதிர்கிறது. நாலைந்து முறை இப்படி நடந்த பிறகு கிளைகள் நுனியிலிருந்து காயத் தொடங்குகின்றன, பால் குறைகிறது, இளமரங்கள் பட்டே போகின்றன. உதிராமல் தப்பிய இலைகளிலும் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை தங்கி, அடுத்த துளிர்ப்புப் பருவத்துக்கான வித்துகளை உருவாக்குகிறது. மருந்து தெளிக்கலாம் என்றால், தளிர் விரியும் சில வாரங்களுக்குள், அதுவும் மழைக்கிடையில், வளர்ந்த மரத்தின் உச்சிவரை திரும்பத் திரும்பத் தெளித்தாக வேண்டும். சிறு விவசாயிக்கு அது கட்டுப்படியாகாது.

அமேசான் காட்டில் இதே நோய் பேரழிவு எதையும் செய்ததில்லை. அங்கே ஒரு ரப்பர் மரத்துக்கும் அடுத்த ரப்பர் மரத்துக்கும் நடுவில் நூற்றுக்கணக்கான வேறு மரங்கள் நிற்கின்றன. வரிசையாக நட்ட தோட்டத்தில் அந்தத் தடுப்பு கிடையாது. 1910களில் சுரினாமின் தோட்டங்கள் இந்த நோயால் கைவிடப்பட்டன. அதற்குப் பிறகும் ஹென்றி ஃபோர்டு 1920களின் இறுதியில் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றங்கரையில் ஃபோர்ட்லாண்டியா என்ற மாபெரும் தோட்டத்தைத் தொடங்கினார். கிளைகள் ஒன்றோடொன்று உரசத் தொடங்கியதும் நோய் தோட்டம் முழுவதும் பாய்ந்தது. 1934இல் பெல்டெராவில் இரண்டாவது தோட்டம் உருவானது. அங்கும் அதே கதை. 1945இல் நிறுவனம் இரண்டையும் பெரும் நட்டத்தில் பிரேசில் அரசிடம் விற்று வெளியேறியது. பணம் குறைந்ததால் வந்த தோல்வி அல்ல இது. காட்டில் சிதறி வாழும் மரத்தை நெருக்கி நட்டதற்கு அதன் சொந்த மண்ணே வாங்கிய விலை.

பெல்டெராவில் பிறந்த ஆராய்ச்சி வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பால் அதிகம் தரும் அடிமரத்தின்மேல் நோயைத் தாங்கும் வேறொரு ரகத்தின் உச்சியை ஒட்டுக்கட்டும் முறை அங்கே பெரிய அளவில் பயன்பட்டது. ஹெவியா பெந்தமியானா என்ற உறவு மரத்தோடு கலப்பு செய்த ரகங்களும் கிடைத்தன. ஆனால் பூஞ்சை புதுப்புது இனங்களாக மாறி, அந்த எதிர்ப்புத் திறனில் பெரும்பகுதியை முறியடித்தது. இன்று பிரேசிலில் ரப்பர் விளைச்சலில் முதலிடம் சாவோ பாவ்லோ மாநிலத்துக்கு, அமேசானுக்கு அல்ல. சாவோ பாவ்லோவில் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் காலம் வறண்டது. பூஞ்சைக்கு வேண்டிய ஈரம் கிடைப்பதில்லை.

ஆசியத் தோட்டங்களின் கதை 1876இல் தொடங்குகிறது. ஹென்றி விக்கம் தபஜோஸ் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சுமார் 2,700. அவற்றில் பெரும்பாலானவை இலங்கைக்கு வந்தன. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. மலாயாவிலும் இலங்கையிலும் தமிழ்த் தொழிலாளர் காடழித்து நட்டு, பால்வெட்டி வளர்த்த தோட்டங்களின் பரம்பரை பெரும்பாலும் இந்தச் சிறு கூட்டத்தில்தான் தொடங்குகிறது. விதையோடு பூஞ்சை வராமல் போனது நற்பேறு. பூஞ்சையைத் தாங்கும் திறனும் வராமல் போனது அதன் மறுபக்கம். அந்தக் குறுகிய பரம்பரையும் ஒட்டுக்கன்று முறையால் மேலும் குறுகியது. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ஒரே ரகம் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. ஒரே தாயின் ஒட்டுகளான இம்மரங்களுக்கு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் ஒருசேர வரும். 1980களின் நடுவில் கோரினெஸ்போரா என்ற வேறொரு இலைநோய் இலங்கையைத் தாக்கியபோது, அதிகம் நம்பி நடப்பட்ட ஆர்.ஆர்.ஐ.சி. 103 ரகத் தோட்டங்களை வேரோடு பிடுங்க நேர்ந்தது. அண்மை ஆண்டுகளில் பெஸ்டலோஷியாப்சிஸ் இலையுதிர்வு இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து, இலங்கை எனப் பரவியிருக்கிறது. இலைக்கருகலோடு ஒப்பிட்டால் இவை மிதமானவை.

கடலைத் தாண்டி வித்து காற்றில் வருவது அரிது. மனிதர் வழியாக வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். உலர்ந்த வித்து துணியிலும் பொருளிலும் சில நாட்கள் உயிரோடிருக்கும். நோயுற்ற நாற்றிலோ ஒட்டுக்குச்சியிலோ வந்தால் கேட்கவே வேண்டாம். தென்கிழக்காசியாவுக்கான 1956ஆம் ஆண்டின் பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இந்த ஒரு நோய்க்கென்றே தனி விதிகள் இடம்பெற்றன. ஆசிய - பசிபிக் நாடுகள் 2009இல் தனித் தடுப்பு வழிகாட்டியையும் ஏற்றன. இவ்விதிகள் காகிதத்தில் வலுவானவை. விமான நிலையத்தில் பயணியின் பையிலுள்ள ஒரு குச்சியை அடையாளம் காணும் பயிற்சியும், தோட்டத்தில் முதல் அறிகுறியைக் காணும் பால்வெட்டுத் தொழிலாளி உடனே தெரிவிக்க வழியும் இல்லாவிட்டால் அந்த வலுவால் பயனில்லை. நோயைக் காண ஒரு பருவம் தாமதித்தால் அழித்தொழிக்கும் வாய்ப்பே போய்விடும்.

ஆபத்து எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. கன்னியாகுமரியில் மரங்கள் துளிர்ப்பது பெரும்பாலும் மழை குறைந்த மாதங்களில்; அது ஓரளவு காப்பு. ஆண்டு முழுவதும் ஈரம் நிலவும் மலேசியாவுக்கும் சுமத்ராவுக்கும் அந்தக் காப்பு இல்லை. கோடை மழை முன்கூட்டியே வந்து தளிர்க் காலத்தோடு சேரும் ஆண்டுகளில் தென்னிந்தியாவும் அதை இழக்கும்.

நிலைத்த வழி மரத்தின் மரபிலேயே இருக்கிறது. 1981இல் பன்னாட்டு ரப்பர் ஆராய்ச்சி வாரியம் பிரேசிலின் அக்ரே, ரொண்டோனியா, மாட்டோ குரோசோ மாநிலங்களில் 60,000க்கும் மேற்பட்ட விதைகளைத் திரட்டியது. அவற்றின் வழித்தோன்றல்கள் ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வுத் தோட்டங்களில் வளர்கின்றன. பிரேசிலின் பாஹியாவில் நோய் நிலவும் மண்ணிலேயே மிஷெலின் நிறுவனமும் பிரான்சின் சிராட் ஆய்வு மையமும் தாங்குதிறன் ரகங்களைத் தேர்ந்தெடுத்து வருகின்றன. இவற்றைப் பாதுகாப்பான இடைநிலைத் தனிமைப்படுத்தல் வழியே ஆசியாவுக்குக் கொண்டுவந்து சோதிக்கும் பணி, நோய் வருவதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். நட்ட ரப்பர் பால்வெட்டுக்கு வர ஏழு ஆண்டுகள் ஆகும். ஒருமுறை நட்டால் 25, 30 ஆண்டுகள் அதே மரம்தான். எனவே மறுநடவு மானியத்தைப் பல ரகங்களைக் கலந்து நடுவதோடு இணைப்பதே அரசுகளும் ரப்பர் வாரியங்களும் இன்றே செய்யக்கூடிய வேலை. புது ரகத்தின் பால் அளவு சற்றுக் குறைந்தால் அந்த இழப்பைச் சிறு விவசாயியின் தலையில் கட்டாமல், அந்த மானியத்திலேயே ஈடுகட்ட வேண்டும்.